ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு இலையுதிர்கால உடைகளில் எடுப்பான நிறங்கள்

இலையுதிர்காலம் வந்ததும் கடைகளில் நிறையும் கடுகு மஞ்சள், துரு நிறம், ஆலிவ் பச்சை ஆகியவை முன்பு உங்களுக்கு நன்றாகவே பொருந்தின என்றும், ஐம்பத்தைந்தைத் தாண்டி முடியும் பாதிக்கு மேல் நரைத்துவிட்ட இப்போது அவற்றை அணிந்தால் ‘உடம்பு சரியில்லையா’ என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் கருப்பைக் கைவிட வேண்டுமா, வெளிர் நிறங்களுக்கு மாறிவிட வேண்டுமா என்பதும் உங்கள் கேள்வி. கருப்பைக் கைவிடத் தேவையில்லை. வெளிர் நிறங்களுக்கு மாறுவது பலருக்கு நிலைமையை இன்னும் மோசமாக்கும். கடுகு மஞ்சள் கழுத்தை விட்டுக் கீழே இறங்கினால் போதும். காரணம் சற்று நீளமானது, ஆனால் அது புரிந்துவிட்டால் எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இலையுதிர்கால நிறங்கள் என்று நாம் சொல்பவை மரங்களிலிருந்து வந்தவை. பருவம் மாறும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைந்துபோக, அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகளின் மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன. சில மரங்களில் ஆந்தோசயனின் என்னும் நிறமி அப்போது புதிதாக உருவாகிச் சிவப்பையும் கருஞ்சிவப்பையும் தருகிறது. காய்ந்த இலை பழுப்பாகிறது. ஆக, இந்த வரிசையில் பெரும்பகுதி மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு ஆகியவைதாம். பழுப்பு என்பதும் ஒளி குறைந்த ஆரஞ்சுதான். மனிதத் தோலின் நிறத்தை அளந்து பார்த்தால், மிக வெளுத்த தோலாக இருந்தாலும் மிகக் கருத்த தோலாக இருந்தாலும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட அதே ஆரஞ்சுப் பகுதியில்தான் வருகிறது. ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது அதன் அடர்த்தி, அதாவது அது எவ்வளவு வெளுப்பு அல்லது கருப்பு என்பது. எனவே இலையுதிர்காலத் துணிகளில் பல உங்கள் தோலுக்கு நெருங்கிய உறவு. துணியின் அடர்த்தி தோலின் அடர்த்தியிலிருந்து நன்றாக விலகி நின்றால் இரண்டும் இசைந்து அழகாகத் தெரியும். ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருந்தால் முகம் துணிக்குள் கரைந்துபோகும். நிறப் பொருத்தம் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ‘வெதுவெதுப்பான நிறமா, குளிர்ந்த நிறமா’ (மஞ்சள் சாயலா, நீலச் சாயலா) என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். என் கணிப்பில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது அடர்த்தி.

வயது இந்தக் கணக்கை எப்படி மாற்றுகிறது என்பதைப் பார்ப்போம். இளமையில் புருவத்தின் கருமையும் உதட்டின் சிவப்பும் கண்ணிமைகளின் கோடும் சுற்றியுள்ள தோலிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிவதால், எந்தத் துணி அணிந்தாலும் முகம் தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது. வயது ஏற ஏற உதட்டின் சிவப்பு மங்குகிறது, புருவம் மெலிந்து வெளிறுகிறது, தோலின் நிறம் இடத்துக்கு இடம் சீரற்றதாகிறது. முக உறுப்புகளுக்கும் தோலுக்கும் இடையிலான இந்த வேறுபாடு வயதுடன் குறைகிறது என்பதையும், ஒருவரின் வயதைக் கணிக்கும்போது நம் கண் அதையும் ஓர் அடையாளமாகக் கொள்கிறது என்பதையும் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2017-இல் வெவ்வேறு இனப் பெண்களின் முகங்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. ஆகவே முன்பு பொருந்திய கடுகு மஞ்சள் இப்போது பொருந்தாமல் போனதற்கு உங்கள் ரசனை காரணமல்ல. முன்பு முகம் தானே ஈடுகட்டிக்கொண்டிருந்த ஒரு குறையை இப்போது துணி ஈடுகட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முடியின் கதை வேறு. ‘வயதானால் மென்மையான நிறங்களுக்கு மாறுங்கள்’ என்ற அறிவுரை எங்கும் பரவிக் கிடக்கிறது. அது வெளுத்த தோலும் வெளிர் முடியும் கொண்டவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. வெளுத்த தோலுள்ள பெண்ணுக்கு முடி நரைக்கும்போது தோலுக்கும் முடிக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறது. தோற்றம் முழுவதும் ஒரே மென்மைக்குள் வருகிறது. அவருக்கு மிக அடர்ந்த நிறமும் பளீரென்ற வெள்ளையும் அதிகப்படியாகத் தெரியும். நடுத்தர அடர்த்தியுள்ள நீலம், வெங்காயத்தோல் நிறம், மங்கிய ஒயின் சிவப்பு போன்றவை இதமாக அமையும். கருத்த தோலுள்ள பெண்ணுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. கரிய முடி வெள்ளியாக மாறும்போது தோலுக்கும் முடிக்கும் இடையிலான வேறுபாடு இளமையில் இருந்ததைவிடக் கூடுகிறது. அவர் மென்மையான, சாம்பல் கலந்த நிறங்களை அணிந்தால் துணிதான் தூசி படிந்ததுபோல் தெரியும். அரக்கு, மயில்கழுத்து நீலம், வாடாமல்லி, அடர்ந்த கத்தரிப்பூ நிறம் ஆகியவற்றை முன்பைவிடத் துணிச்சலாக அவர் அணியலாம். மாநிறமும் கருப்பும் வெள்ளையும் கலந்த முடியும் உள்ளவர்கள் இவ்விருவருக்கும் இடையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு அடர்ந்த, ஆனால் கண்ணைக் கூசாத நிறங்கள் பெரும்பாலும் கைகொடுக்கும். நீங்களும் இந்த வகையில்தான் வருவீர்கள் என்று உங்கள் விவரிப்பிலிருந்து தோன்றுகிறது. முடிக்குச் சாயம் இடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முடி இருபது வருடத்துக்கு முன்பிருந்த கருமையிலேயே நிற்க, புருவமும் உதடும் மட்டும் மங்கிப்போனால், அடர்ந்த கழுத்துப்பட்டியும் கரிய முடியும் சேர்ந்து முகத்தை நடுவில் அமுக்கிவிடும்.

துணி முகத்தின் மேல் இரண்டு வழிகளில் செயல்படுகிறது. முதலாவது, பக்கத்து நிறத்தால் கண் ஏமாறுவது. இதை முறையாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜின் செவ்ரல். 1824-இல் பாரிஸின் கோபலன் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவின் தலைவராகப் பொறுப்பேற்ற அவரிடம், அங்கு ஏற்றப்படும் கருப்புச் சாயம் நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வலுவின்றித் தெரிகிறது என்ற குறை வந்தது. சாயத்தில் கோளாறு இல்லை, அருகிலுள்ள நிறமே கருப்பின் தோற்றத்தை மாற்றுகிறது என்று கண்டறிந்த அவர், தம் முடிவுகளை 1839-இல் வெளியிட்டபோது உடையின் நிறம் முகத்தோலின் நிறத்தை எப்படி மாற்றிக் காட்டும் என்பதையும் விரிவாக எழுதினார். ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தை, அதாவது நிறச் சக்கரத்தில் தனக்கு நேரெதிரே இருப்பதை, பக்கத்தில் இருப்பதன்மீது ஏற்றிக் காட்டுகிறது என்பது அதன் அடிப்படை. இரண்டாவது வழி ஏமாற்றமல்ல, உண்மையான ஒளி: கழுத்தருகே உள்ள துணியில் பட்டுத் திரும்பும் ஒளி, துணியின் நிறத்தோடு மோவாயின் அடிப்பகுதியிலும் தாடையிலும் விழுகிறது.

கடுகு மஞ்சள் இந்த இரண்டு வழிகளிலும் தவறு செய்கிறது. அதிலிருந்து திரும்பும் ஒளி கழுத்தையும் தாடையையும் மஞ்சளாக்குகிறது. வயதுடன் தோல் சற்று மஞ்சளித்திருந்தால் அது இரட்டிப்பாகத் தெரியும். அதே வேளையில் மஞ்சளின் எதிர் நிறம் நீலம் கலந்த ஊதா என்பதால் கண்ணின் கீழுள்ள கருவளையம் கூடுதலாக ஊதாவாகத் தோன்றுகிறது. மஞ்சளித்த கழுத்தும் ஊதா படிந்த கண்ணடியும் ஒரே முகத்தில் சேரும்போது, அதைப் பார்ப்பவர்களுக்கு நோய் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பகலில், நேரடி வெயில் படாத ஜன்னலை நோக்கி அமர்ந்து, முகப்பூச்சு எதுவும் இல்லாமல், கையடக்கக் கண்ணாடியை முன்னே வைத்துக்கொள்ளுங்கள். அணிந்திருக்கும் உடையின் நிறம் குறுக்கிடாதபடி தோள்மீது ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தி, சோதிக்க வேண்டிய துணியை மோவாய்க்கு நேர் கீழே பிடியுங்கள். துணியைப் பார்க்கக் கூடாது. அது அழகாக இருப்பதால்தான் அதைக் கையில் எடுத்தீர்கள், அதைத் திரும்பவும் உறுதிப்படுத்திக்கொள்வதில் பயனில்லை. மூக்கின் ஓரத்திலிருந்து வாயை நோக்கி இறங்கும் கோடு ஆழமாகிறதா மேலெழுகிறதா, கண்ணடி நிழலின் விளிம்பு கூர்மையாகிறதா கரைகிறதா, உதட்டின் எல்லை தெரிகிறதா, தாடையின் கீழ்க்கோடு தனியாகப் பிரிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஒரே துணியை நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் பழகிவிடும். இரண்டு துணிகளை மாற்றி மாற்றிப் பிடிக்கும்போதுதான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். மணிக்கட்டின் நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் பரவலான சோதனையை நான் பரிந்துரைப்பதில்லை. நரம்பின் நிறம் தோலின் தடிப்பையும் அது ஒளியைச் சிதறடிக்கும் விதத்தையும் பொறுத்தது, கருத்த தோலில் அது எதையும் தெளிவாகச் சொல்வதுமில்லை.

இனி நிறங்களுக்கு வருகிறேன். சிவப்பு வகையில்தான் இலையுதிர்காலம் உங்களுக்கு அள்ளித் தருகிறது. துரு நிறமும் செங்கல் நிறமும் ஆரஞ்சுக்குள் இருப்பதால் மாநிறத் தோலின் அடர்த்தியோடு மோதக்கூடும். அதே குடும்பத்தில் ஒரு படி இறங்கி, அரக்கு, ஒயின் சிவப்பு, கருஞ்சிவப்பு என்று போனால் அடர்த்தியும் விலகும், அதில் கலந்துள்ள நீலச் சாயல் மஞ்சளையும் தணிக்கும், திரும்பும் ஒளி தாடைக்குச் சற்றே இளஞ்சிவப்பைத் தரும். முகத்தில் நிலையான சிவப்புத் திட்டுகள் உள்ளவர்களுக்குத் துரு நிறம் அந்தச் சிவப்புக்குத் துணைபோகும். பளிச்சென்ற பச்சையும் அதைத் தூக்கிக் காட்டும். அவர்களுக்கு அடர்நீலமே பாதுகாப்பானது.

பச்சையைப் பற்றிச் செவ்ரல் ஒரு பயனுள்ள குறிப்பைத் தந்திருக்கிறார்: செம்மை குறைந்த வெளுத்த முகத்துக்கு மென்பச்சை நன்மை செய்யும், அதன் எதிர் நிறமான சிவப்பு முகத்தில் ஏறித் தெரிவதால். வெளிறிப்போன முகத்துக்கு இது இன்றும் பொருந்தும் அறிவுரை. ஆலிவ் பச்சை இந்த விதிக்குள் அடங்காது. அது பச்சை என்று பெயர் வாங்கிய கருத்த மஞ்சள், ஆகவே கடுகு மஞ்சளின் குறைகள் அதற்கும் உண்டு. அதன் இடத்தில் பாட்டில் பச்சையையோ பாசிப்பச்சையின் கருத்த வகையையோ வைத்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நிறம் என்று எதையும் சொல்லத் தயங்குவேன். ஆனால் அதற்கு மிக அருகில் வருவது மயில்கழுத்து நிறம். தோல் ஆரஞ்சுப் பகுதியில் இருக்கிறது, ஆரஞ்சின் எதிர்ப்பக்கத்தில் நீலமும் நீலப்பச்சையும் இருக்கின்றன. ஆகவே தோலில் மீதமுள்ள வெம்மையை இந்த நிறம் எடுத்துக்காட்டுகிறது. இலையுதிர்கால வரிசையில் நிற்கும் பழுப்பு, தேன் நிறம், துரு நிறம் எல்லாவற்றோடும் சேர்ந்து இருக்கவும் செய்யும். கத்தரிப்பூ நிறத்தின் அடர்ந்த வகையும் வெள்ளி முடிக்கு எடுப்பானதுதான். ஆனால் கருவளையம் ஆழமாக உள்ளவர்கள் அதைக் கழுத்தருகே வைக்கும் முன் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பழுப்பில் தவறு நேர்வது பெரும்பாலும் நடுவில்தான். காபி நிறத்தின் கருத்த முனையும், சந்தனம், ஒட்டக நிறம் போன்ற வெளிர் முனையும் மாநிறத்திலிருந்து விலகி நிற்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட பழுப்பு உங்கள் கன்னத்தோடு ஒன்றிப்போகும். புறங்கையைத் துணியின்மேல் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், கையின் விளிம்பு காணாமல்போகும் பழுப்பைத் தவிர்த்துவிடலாம். வெளுத்த தோலுள்ளவர்களுக்கு இந்த ஆபத்து சந்தன நிறத்திலும், கருத்த தோலுள்ளவர்களுக்குக் காபி நிறத்திலும் இருக்கிறது.

கருப்பு மிகக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்புகிறது. அதனால் மோவாயின் அடியிலும் தாடையின் ஓரத்திலும் விழும் நிழலை நிரப்ப எதுவும் இல்லாமல்போக, மடிப்புகள் ஆழமாகத் தெரிகின்றன. கழுத்தை மூடிய கருப்பு ஸ்வெட்டர் சோர்வைக் கூட்டுவதற்கு இதுவே காரணம். கழுத்து திறந்த வடிவமாக இருந்து, தோலோ வேறு நிறச் சால்வையோ இடையில் வந்தால் அதே கருப்பு கம்பீரமாகிவிடும். நன்கு வெளுத்த முடியும் கருத்த தோலும் உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூட அவ்வளவாகத் தேவையில்லை. துவைத்துத் துவைத்துச் செம்மை தட்டிய கருப்பை மட்டும் யாரும் முகத்தருகே வைத்துக்கொள்ள வேண்டாம். கருப்பு வேண்டாம் என்று தோன்றும் நாட்களில் கடல்நீலமும் கரிச்சாம்பலும் அந்த வேலையைச் செய்யும்.

வெள்ளையில் ஒரு சூட்சுமம் உண்டு. கடைகளில் கிடைக்கும் பளீர் வெள்ளைத் துணிகளில் பெரும்பாலும் ஒளியூட்டும் ரசாயனம் சேர்க்கப்பட்டிருக்கும். அது புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடுவதால்தான் துணி வெள்ளையைவிட வெள்ளையாகத் தெரிகிறது. அதன் பக்கத்தில் பல்லும் நரைமுடியும் மஞ்சளாகத் தெரியும். தந்த நிறமும் கிரீமும் இந்தச் சிக்கலைத் தராமல், தாடைக்குக் கீழே இதமான ஒளியை மட்டும் அனுப்புகின்றன. சாம்பல் நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை: முடியின் சாம்பலும் துணியின் சாம்பலும் ஒன்றாகவே இருந்தால் முகம் இரண்டுக்கும் நடுவில் தொலைந்துபோகும், ஒரு படி கருத்ததாகத் தேர்ந்தெடுங்கள்.

இலையுதிர்காலத்தில் பகல் குறுகுவதால் உங்கள் உடை பாதி நேரம் விளக்கொளியில்தான் பார்க்கப்படும். ஏறத்தாழ 2700 கெல்வின் நிறவெப்பநிலை (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு) கொண்ட மஞ்சள் விளக்கில் சிவப்பும் பழுப்பும் செழிப்பாகத் தெரிய, நீலமும் ஊதாவும் மங்கிவிடும்; மேகம் மூடிய பகலின் ஒளி 6500 கெல்வினையும் தாண்டி நீலச் சாயல் கொண்டிருப்பதால் இந்த நிலை தலைகீழாகும். மாலை நிகழ்வுக்கு அரக்கும், பகல் வெளி வேலைக்கு மயில்கழுத்தும் என்று பிரித்துக்கொள்வது இதனால்தான். கடையின் விளக்கில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு துணிகள் வெளியே வந்ததும் வேறுபடுவதும் உண்டு. வாசலருகே கொண்டுபோய்ப் பார்க்கக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நம் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயதுடன் கண்ணின் வில்லை மஞ்சளித்து, நீல ஒளியை ஓரளவு தடுக்கிறது. அதனால் கருப்பையும் கடல்நீலத்தையும் பிரித்தறிவது கடினமாகிறது. கண்புரை அறுவைக்குப் பின் உலகம் திடீரென்று நீலம் கூடித் தெரிவதாகப் பலர் சொல்வது இந்த மஞ்சள் திரை விலகுவதால்தான். கருப்புக் கால்சட்டையும் கடல்நீலக் கோட்டும் கலந்துவிடாமல் இருக்க, அலமாரியில் தனித்தனியாக வைப்பதோ, வயதில் இளைய ஒருவரிடம் பகல் ஒளியில் காட்டிக் கேட்பதோ எளிய வழி.

துணியின் மேற்பரப்பும் நிறத்தை மாற்றும். வெல்வெட், கார்டுராய் போன்ற மயிருள்ள துணிகள் ஒளியை உள்ளே சிறைப்படுத்துவதால் அதே சாயம் அவற்றில் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். சாட்டின் ஒளியைக் கீற்றுகளாகத் திருப்பி அனுப்பும், அந்தக் கீற்று மோவாயின் அடியில் விழுந்தால் சுருக்கங்கள் எடுத்துத் தெரியும். பல நிற இழைகளை முறுக்கிப் பின்னிய கம்பளி நூல் முதிர்ந்த தோலுக்கு மிக இசைவானது. சீரற்ற தோலின் அருகே சீரற்ற நிறம் இருக்கும்போது கண் குறைகளைத் தேடுவதில்லை.

வாங்கும் வரிசையில் மேலே அணியும் கோட்டு எது என்பதை முதலில் தீர்மானியுங்கள், ஏனெனில் பருவம் முழுவதும் முகத்தருகே இருக்கப்போவது அதன் கழுத்துப்பட்டிதான். அடுத்து சால்வையோ ஸ்கார்ஃபோ. பொருந்தாத கோட்டையும் அது திருத்திவிடும். மூக்குக்கண்ணாடியின் சட்டம் எந்தத் துணியையும்விட முகத்துக்கு நெருக்கமானது என்பதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மெலிந்த புருவத்தின் வேலையை ஒரு கருத்த சட்டம் ஏற்றுக்கொள்ளும். உதட்டுச்சாயம் பழக்கமிருந்தால், துணியின் சிவப்போடு சேரும் ஒரு சாயல் உதட்டின் இழந்த எல்லையை மீட்டுத் தரும்.

நான்கு பருவங்களாக மனிதர்களைப் பிரிக்கும், 1980-களில் பெரிதாகப் பரவிய முறைப்படி யாராவது உங்களை ‘இலையுதிர்கால வகை’ என்று முன்பு சொல்லியிருந்தால், அதையும் இப்போது மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். அந்த வகைப்பாடு முடியின் நிறத்தையும் சேர்த்துத்தான் செய்யப்பட்டது, முடி வெள்ளியானபின் கணக்கு மாறும். மேலும் அந்தப் பெயருக்கும் நாட்காட்டியின் இலையுதிர்காலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கடுகு மஞ்சள் ஸ்வெட்டரைத் தூக்கியெறிய வேண்டாம். உள்ளே தந்த நிறச் சட்டை அணிந்து அதன் கழுத்துப்பட்டியை வெளியே மடித்துவிட்டாலோ, மேலே மயில்கழுத்து நிற ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டாலோ, முகத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில் நான்கு விரல் அகலத்துக்கு வேறொரு நிறம் வந்துவிடும். இடுப்புக்குக் கீழே, பாவாடை, கால்சட்டை, பை, காலணி ஆகியவற்றில், மேலே சொன்ன எந்த விதியும் செல்லாது. அங்கே கடுகு, ஆலிவ், துரு என்று பிடித்ததையெல்லாம் அணியலாம்.